கல்லு பாக்கப் போன இடத்துல

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. ஜன்னல் சீட்டு உங்களுதுதான். நேத்து வரைக்கும் அது என் வீட்டுக்காரி பேர்ல இருந்த சீட்டு. ஆவுடையம்மாள், வயசு அறுபத்தொண்ணு. தம்பி மவன் ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருந்தான். ஒண்ணைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். வெயிட்டிங் லிஸ்ட்ல கிடந்த உங்களுக்கு அடிச்சுது யோகம்.

அவ எங்கயா? தொலைச்சிட்டு வாரேன். அமெரிக்காவுல, பாலைவனத்துல, ஒரு பாறாங்கல்லு பக்கத்துல.

அட, பதறாதீங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கா. மவ வீட்டுல நின்னுக்கிட்டா, நான் மட்டும் வாரேன். திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கின உடனே ஆட்டோக்காரன் கேப்பான், அம்மா வரலியான்னு. பாளையங்கோட்டையில எங்க தெருவுல நாலு வீட்டுல கேப்பாங்க. மவளுக்குப் பேறுகாலம், அதுக்கு நிக்கான்னு சொன்னா ஒரு மரியாதை உண்டு. அதுவும் கிடையாது. மங்கைக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருசம், வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. அப்போ ஆவுடை எதுக்கு நிக்கான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? எழும்பூர்ல ஏறுனதுல இருந்து அதைத்தான் யோசிச்சிட்டு வாரேன். நீங்க வெளியாளு, உங்ககிட்ட உள்ளதைச் சொல்லலாம். கேட்டுட்டு, ஊர்ல என்ன சொன்னா எடுபடும்னு நீங்களே ஒரு வழி சொல்லுங்க.

நான் ஹைவேஸ்ல முப்பத்திமூணு வருசம். ஓவர்சியரா சேந்து ஏ.இ.யா ரிட்டையர் ஆனவன். பிரமநாயகம்னா எங்க டிவிஷன்ல கான்ட்ராக்டர் எல்லாம் எந்திரிச்சு நிப்பான். கல்லைப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசப்பிடாது. ஒன்றரை இஞ்ச் ஜல்லி, முக்கால் இஞ்ச் ஜல்லி, கண்ணை மூடிக்கிட்டுக் கையால அளைஞ்சே சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவனை ஒரு நாள் முழுக்கப் பிளேன்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி, “அப்பா, இந்தக் கல்லைப் பாருங்க”ன்னா என்ன அர்த்தம்? கொல்லன் தெருவுல ஊசி விக்குற கதைதானே?

மங்கை இருக்கது அரிசோனா. ஊரே பொட்டல். நம்ம சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு இருக்குல்லா, செக்கச்செவேல்னு மண்ணு. அதுல அஞ்சாறு மலையை நட்டு வச்சா அரிசோனா. தேரிக்காட்டைப் பாக்க எவனாவது டிக்கெட் எடுக்கானா? அங்க எடுக்கான். கியூவுல நின்னு எடுக்கான்.

மாப்பிள்ளை பேரு தாணு. நாகர்கோயில் பையன், சாப்ட்வேர். அவன் போட்ட திட்டம்தான் எல்லாம். “மாமா வெளிய கை நனைக்க மாட்டாங்க. அடுப்பு உள்ள வண்டியா எடுத்துருவோம், அத்தை சமைச்சுக்கிடட்டும்”னான். மோட்டார் ஹோம்னு பேரு. வாடகைக்குக் கிடைக்கு. வண்டியும் இல்ல, வீடும் இல்ல, ரெண்டுங்கெட்டான். நம்ம ஊர்ல லாரிக்காரன் ஸ்டவ்வு, சட்டிபானை எல்லாம் கட்டிட்டுப் போயி, புளியமரத்தடியில நிப்பாட்டிப் பொங்கித் தின்னுட்டுப் படுக்கான். அவனை எவனும் போட்டோ எடுக்கல. அங்க உள்ளவனுவ அதையே செஞ்சுட்டு, பக்கத்து வண்டிக்காரன்கிட்ட எத்தனை நாளா சுத்துதீங்கன்னு பெருமையா விசாரிக்கான்.

உள்ள கட்டில் இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, அடுப்பு இருக்கு, எல்லாம் சரி. அடுப்புல இருந்து ரெண்டு முழம் தள்ளிக் கக்கூஸ். நடுவுல ஒரு பிளைவுட் பலகை. இந்தப் பக்கம் ரசம் கொதிக்கு, அந்தப் பக்கம்... வேண்டாம், நீங்க இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சிருக்கீங்க. எல்லாம் வண்டிக்கு அடியில ஒரு டேங்க்ல சேரும். ரெண்டு நாளைக்கு ஒருக்க மாப்பிள்ளை கையில உறையை மாட்டிட்டு, இம்மாந்தண்டி குழாயைச் சொருகி, தரையில உள்ள ஓட்டையில திறந்து விடுவான். ஆபீஸ்ல எத்தனை பேரை வச்சு வேலை வாங்குதவன்! மாமனார் போனதை மருமவன் கழுவி ஊத்துதான். அதையும் சிரிச்ச முகமா செய்யுதான், அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஆம்பளைன்னா ஒரு கௌரவம் வேண்டாமா?

கல்லுக்கு வாரேன். ஒவ்வொண்ணுக்கும் மங்கை ஒரு பேரு சொன்னா, ஒண்ணும் வாயில நுழையல. நான் நம்பர் போட்டுக்கிட்டேன். ஒண்ணாம் நம்பர் ஒரு பெரிய பள்ளம். ரெண்டாம் நம்பர், பொட்டல்ல மூணு கல்லு தனித்தனியா நிக்கி, பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரி. மூணாம் நம்பர் கல்லுல ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்தா, ஆகாசம். அதுக்கு அம்பது பேரு கேமராவை வச்சுக்கிட்டு விடியக்காலத்துல இருந்து தவம் கிடக்கான்.

“மாமா, இது உருவாக எத்தனை கோடி வருசம் ஆச்சு தெரியுமா?”ன்னு தாணு கேட்டான்.

“ஆறு மாசத்துல காலி பண்ணிரலாம் மாப்ளே. நாலு கம்ப்ரசர், இருபது ஆளு, வெடி லைசென்ஸ் ஒண்ணு”ன்னேன்.

அவன் சிரிச்சான். நான் சிரிப்புக்குச் சொல்லல.

ரோட்டைக் குறை சொல்ல மாட்டேன். ரோடு ரோடுதான். பத்து மைலுக்கு நூல் பிடிச்ச மாதிரி போகு. எல்லாரும் பள்ளத்தாக்கைப் பாத்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கையில நான் குனிஞ்சு தார் ஓரத்தைத் தடவிப் பாத்தேன், ஒரு இடத்துல ஓரம் பேந்திருக்கணுமே! அந்த டிரிப்ல நான் உருப்படியா பாத்தது அது ஒண்ணுதான்.

சரி, கல்லு இருக்கு, பாத்தாச்சு, வண்டியை எடுன்னா எடுக்க மாட்டான். நடக்கணுமாம். கல்லுகிட்ட நடந்து போகணும், சுத்தி வரணும், திரும்ப நடந்து வரணும். போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல். வழியில ஒரு டீக்கடை கிடையாது. உக்கார ஒரு பாலத்துக் கட்டை கிடையாது. வெள்ளைக்காரன் ரெண்டு கையிலயும் ஊன்றுகம்பு, முதுகுல தண்ணிப்பை, அதுல இருந்து ஒரு டியூபை வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டே நடக்கான். எதிர்ல வந்தா “ஹாய்”ங்கான். உனக்கும் எனக்கும் என்னடே கொடுக்கல் வாங்கல்?

நான் முதல் நாளே தீத்துச் சொல்லிட்டேன். “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நானும் ஆவுடையும் வண்டியில இருக்கோம். அவளுக்கு மூட்டு வலி.”

மூட்டு வலின்னா இன்னைக்கு நேத்து உள்ளது இல்ல அண்ணாச்சி, இருபது வருசம். குத்தாலத்துக்குக் கூப்பிட்டா மூட்டு வலி. என் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டா மூட்டு வலி. என்கூடச் சாயங்காலம் ஹைகிரவுண்டு வரைக்கும் காலாற நடந்துட்டு வருவோம்னா, ரெண்டு மூட்டும் சேந்து வலிக்கும். எத்தனை தைலம், எத்தனை வைத்தியரு! படம் எடுத்துப் பாத்துட்டு ஒரு டாக்டர் சொன்னான், எலும்பு நல்லாத்தான் இருக்கு, வலி ஏன்னு தெரியலன்னு. படிப்பைப் பாருங்க. வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

அப்பேர்ப்பட்டவ, அந்த ரெண்டாம் நம்பர் கல்லைப் பாத்துட்டு, “நானும் மங்கைகூட வாரேன்”ங்கா.

“மூட்டு?”ன்னேன்.

“பாப்போம்”னா.

மங்கை அவளோட பழைய ஷூவை எடுத்துக் கொடுத்தா. அறுபத்தொரு வயசுல ஷூ! கால்ல மாட்டிக்கிட்டு வண்டிக்குள்ளயே நாலு தடவை அங்கயும் இங்கயும் நடந்து பாத்தா. போய்ட்டு வந்து ‘ஐயோ, அம்மா’ம்பான்னு நான் தைல பாட்டிலை எடுத்து வெளிய வச்சிருந்தேன். வந்தா, வேர்வையைத் துடைச்சா, அரிசியைக் களைஞ்சா. தைலத்தைப் பாக்கவே இல்ல. நானே எடுத்து என் முட்டில தடவிக்கிட்டேன், வீணாப் போகப்பிடாதுல்லா.

மறுநாள் ஒரு காரியம் செஞ்சா. சாயங்காலம், தோசை சுடுதா. எனக்கு மூணு போட்டாச்சு, நாலாவது கல்லுல கிடக்கு. வெளிய இருந்து மங்கை, “அம்மா, சீக்கிரம் வா, கல்லு நிறம் மாறுது”ன்னு கத்துதா. இவ என்ன செஞ்சாங்கீங்க? டப்புனு அடுப்பை அணைச்சா, கரண்டியைக் கீழ வச்சா, இறங்கிப் போய்ட்டா. தோசை பாதி வெந்து பாதி வேகாமக் கிடக்கு. நான் தட்டும் கையுமா உக்காந்திருக்கேன். முப்பத்தெட்டு வருசத்துல முதல் தடவை அண்ணாச்சி! சூரியன் தினம் விழுது. தினம் விழுறதுக்கெல்லாம் தோசையை விட்டுட்டுப் போனா குடும்பம் என்னத்துக்கு ஆகும்? கேட்டேன். “ரொட்டி இருக்கு, எடுத்துக்கிடுங்க”ன்னா. அந்த ஷூதான் காரணம். கால்ல ஷூ ஏறுனா தலையிலயும் ஏதோ ஏறிரும் போல.

நாலு நாள் இப்படி. காலையில மூணு பேரும் கிளம்பிருவாங்க. நான் அந்தத் தகரப் பெட்டிக்குள்ள ஒத்தையில. பிரிட்ஜ் உறுமிக்கிட்டுக் கிடக்கும். பேச்சுக்கு ஆளு இல்ல. ஒரு டம்ளர் தண்ணி மொண்டு தர ஆளு இல்ல. அஞ்சாம் நாள் நானே, “நானும் வாரேன், பொறுப்பா ஒரு ஆளு கூட வரணும்ல”ன்னு கிளம்புனேன். அஞ்சாம் நம்பர் கல்லு. அதுவும் ஓட்டைக் கல்லுதான், கொஞ்சம் பெரிய ஓட்டை. மங்கையும் தாணுவும் வண்டிக்குத் தண்ணி பிடிக்க நின்னுட்டாங்க. “நீங்க ரெண்டு பேரும் மெதுவா நடங்க, பின்னாலயே வந்திருதோம்”னாங்க.

நடந்தோம். நாங்க எப்படி நடப்போம்னா, நான் முன்னால, அவ பத்தடி பின்னால. எங்க ஐயாவும் அம்மையும் அப்படித்தான் நடந்தாங்க. நெல்லையப்பர் கோயிலுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி. நான் பேசிட்டே போவேன், அவ கேட்டுட்டே வருவா. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது, ம்ங்கிறது கூடக் கிடையாது. பின்னால செருப்புச் சத்தம் வந்துக்கிட்டு இருந்தா ஆவுடை வாரான்னு அர்த்தம். திரும்பிப் பாக்க வேண்டிய சோலியே கிடையாது.

ஒரு இடத்துல பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. நடுவுல ஒரு பலகை, என்னமோ எழுதிருந்துது. நான் ரோட்டுக்காரன், எனக்கு என்னத்துக்குப் பலகை? வலது பக்கம் நல்லா தேஞ்சு கிடந்துது, அதுல ஏறிட்டேன். ‘என்னங்க’ன்னு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துது. “பேசாம வாட்டி”ன்னேன். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. சரக் சரக்னு காலடி மட்டும் பின்னாலயே வந்துது.

முக்கால் மணி நேரம் பேசிருப்பேன். மனசுல கிடந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். அவ தம்பி கல்யாணத்துல என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வச்சானே, அதுல ஆரம்பிச்சேன். தொண்ணூத்தி நாலுல என்னைத் தூத்துக்குடிக்கு மாத்துனப்போ வர மாட்டேன்னு பிள்ளை படிப்பைச் சாக்கு சொன்னாளே, அது. மங்கையை இவ வளத்த லட்சணம்தான் இன்னைக்கு அவ மடியில ஒரு பிள்ளை இல்லாம கிடக்கு, அது. தோசை. ஷூ. “ஊருக்குப் போனதும் இந்த ஆட்டம் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிரணும், கேட்டியா?”ன்னேன். காலடிச் சத்தம் வந்துது. சரி, மண்டையில ஏறிருச்சுன்னு நினைச்சேன்.

உச்சிக்குப் போய்ட்டேன். ஓட்டைக் கல்லு எதிர்ல நிக்கி. “இதுக்குத்தான் இத்தனை தூரமா? பாத்துக்கோ”ன்னு சொல்லிட்டுத் திரும்புதேன்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி.

எழுபது வயசு இருக்கும். தலையில தொப்பி, கையில ரெண்டு கம்பு. என்னைப் பாத்துப் பல்லைக் காட்டி, “பியூட்டிஃபுல்”ங்கா. பிறகு தாணுகிட்டச் சொன்னாளாம், முதல்ல நான் போன்ல பேசுதேன்னு நினைச்சாளாம், காதுல ஒண்ணும் இல்லன்னதும் ஏதோ பிரார்த்தனை பண்ணுதேன்னு நினைச்சு, கலைக்கப்பிடாதுன்னு ஒதுங்கியே வந்தாளாம். பிரார்த்தனை! மூதி. முந்திப் போக வேண்டியதுதானே, இல்ல ஒரு இருமல் இருமித் தொலைக்க வேண்டியதுதானே?

எனக்கு அப்போ அதெல்லாம் யோசிக்க ஓடல அண்ணாச்சி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் செவப்பு. ஆவுடையைக் காணோம். கூப்பிட்டேன். கல்லுல மோதி என் சத்தமே திரும்ப வருது. உள்ளதைச் சொல்லுதேன், பயந்துட்டேன். அந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் தண்ணி இல்லைன்னா ஆளு காலின்னு தாணு தினம் பாடம் நடத்துவான். அது அப்போ ஞாபகத்துக்கு வரணுமா?

இறங்கி ஓடுதேன். எதிர்ல மங்கையும் தாணுவும் வாராங்க. “அம்மா எங்கப்பா?”ன்னா. “உங்ககூட இல்லியா?”ன்னேன். அவ முகம் அப்படியே செத்துப் போச்சு. போன்ல டவர் கிடையாது. தாணு கீழ ஓடி ஒரு காக்கிச் சட்டைக்காரியைக் கூட்டிட்டு வந்தான், அந்தக் காட்டுக்குக் காவல். சின்னப் பிள்ளை. நோட்டை எடுத்துக்கிட்டு என்னைக் கேள்வி கேக்கா. தாணு தமிழ்ல சொல்லுதான்.

“கடைசியா அத்தையை எப்போ பாத்தீங்க மாமா?”

என்கூடத்தானே நடந்து வந்தா! ஆனா பாத்தேனான்னு கேட்டா... யோசிச்சேன். காலையில காப்பி டம்ளரோட ஒரு கை வந்துது. கையைப் பாத்தேன்.

“என்ன உடுத்திருந்தாங்க?”

“சேலை”ன்னேன்.

“என்ன நிறம்?”

பெண்டாட்டி சேலை நிறத்தை எவன் பாப்பான்? நீங்க பாப்பீங்களா? சொல்லுங்க, இன்னைக்கு உங்க வீட்டுல என்ன நிறம்? பாத்தீங்களா, முழிக்கீங்க. நான் சமாளிச்சுப் பச்சைன்னேன். காக்கிச் சட்டைக்காரி வாக்கிடாக்கியில சொல்லுதா, பச்சைச் சேலை கட்டின இந்தியாக்கார அம்மா, பச்சைச் சேலைன்னு. அப்போ பாத்து மங்கை அழுதுக்கிட்டே கத்துனா பாருங்க. “அப்பா, அம்மா மூணு நாளா என் சுடிதாரைப் போட்டுக்கிட்டு இருக்காப்பா! நீலச் சுடிதார்! உங்களுக்குத் தெரியவே இல்லியா?”

எனக்கென்ன கனவா? முப்பத்தெட்டு வருசமா சேலை கட்டுனவ இன்னைக்கும் சேலைதான் கட்டிருப்பான்னு நினைச்சது ஒரு தப்பா? நிறத்தைக் கேட்டான், சொன்னேன். உடுப்பை மாத்துனா புருசங்கிட்டச் சொல்லணும்ல?

மூணு மணி நேரம் அண்ணாச்சி. அந்தக் கக்கூஸ் வண்டி நிழல்ல உக்காந்திருந்தேன். நெல்லையப்பருக்கு நேந்துக்கிட்டேன், காந்திமதிக்கு நேந்துக்கிட்டேன், சங்கரன்கோயிலுக்கும் சேத்து நேந்துக்கிட்டேன். பேப்பர்ல காணவில்லைன்னு படம் போடுவானே, அதுல எந்த போட்டோவைக் கொடுக்கன்னு வரைக்கும் புத்தி போகு. அவ தனியா உள்ள போட்டோவே கிடையாது.

பன்னிரண்டு மணி இருக்கும். இடது பக்கப் பாதையில இருந்து நடந்து வாரா. ஓட்டமும் இல்ல, தள்ளாட்டமும் இல்ல. கோயில்ல பிரகாரம் சுத்திட்டு வாரவ மாதிரி வாரா. முகம் செவந்து கிடக்கு, தலைமுடி காத்துல பறக்கு. அந்தக் காக்கிச் சட்டைக்காரி ஓடிப் போயி அவ கையைப் பிடிச்சா. மங்கை கட்டிப் பிடிச்சு ஒரே அழுகை. நான் எந்திரிச்சேன். வாயி சும்மா இருக்குமா?

“எங்கட்டி போய்த் தொலைஞ்ச?”

ஒரு பாட்டில் தண்ணியை மடக் மடக்னு குடிச்சு முடிச்சா. அப்புறம் சொன்னா. “பலகையில எழுதிருந்துது. இடது பக்கம் நாலு மைல் சுத்துப் பாதைன்னு. போய்ட்டு வந்தேன்.”

“இங்கிலீஷ்லதானே எழுதிருந்துது?”

“ஆமா.”

அவ எஸ்.எஸ்.எல்.சி. அது எனக்குத் தெரியும். படிச்சதை எல்லாம் இன்னும் வச்சிருப்பான்னு தெரியாது.

“என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“மூணு தடவை கூப்பிட்டேன்.”

“எனக்குக் கேக்கலியே!”

“கேக்காதுன்னு தெரியும்”ங்கா. கோவமா சொன்னா எதிர்த்து நாலு வார்த்தை சொல்லிருப்பேன். கோவமே இல்ல. மழை வராதுன்னு தெரியும்கிற மாதிரி சொல்லுதா.

மங்கை அவளை நாற்காலியில உக்கார வச்சு, காலைத் தூக்கி மடியில வச்சு, ஷூக் கயித்தை அவுக்கா. “முட்டி வலிக்காம்மா?”ங்கா. இல்லைன்னு தலையாட்டுதா. அப்புறம் என்னைப் பாத்து, மெதுவாத்தான், எல்லாரும் இருக்கும்போதே சொல்லுதா: “நீங்க ஊருக்குப் போங்க. நான் இங்கன மங்கைகிட்ட இருக்கேன்.”

“இருந்து?”

“நடக்கணும்.”

நடக்கணுமாம்! பாளையங்கோட்டையில ரோடு இல்லியா? நானே போட்ட ரோடு இருக்கே! “அங்க வந்து எங்கூட நடவேன், யாரு வேண்டாங்கா?”ன்னேன்.

அதுக்கு அவ சொன்னதை அப்படியே சொல்லுதேன், கேளுங்க. “உங்க பின்னால நடந்தா உங்க முதுகுதான் தெரியுது. முப்பத்தெட்டு வருசமா அதைத்தான் பாத்தேன்.”

முதுகு தெரிஞ்சா என்ன? முன்னால ஒருத்தன் போறான், முள்ளு கிடந்தா அவன் கால்ல குத்தும், பாம்பு கிடந்தா அவனைக் கொத்தும், பின்னால வாரவளுக்கு வழி கிடைக்குல்லா? அதுக்குத்தானே முன்னால போறது! இதை நான் தாணுகிட்டக் கேட்டேன். நியாயத்தைச் சொல்லுங்க மாப்ளேன்னேன். அவன் குழாயைத் துடைச்சிக்கிட்டு, “சாப்பிட்டீங்களா மாமா?”ங்கான். நல்ல மருமவன்.

அதுக்கப்புறமும் அஞ்சு நாள் சுத்துனாங்க. ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர். நான் வண்டியை விட்டு இறங்கல. அது முடிஞ்சு மங்கை ஊருக்குத் திரும்பி, ஒரு மாசம் அவ வீட்டுல இருந்தேன். ஆவுடை தினம் காலையில ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவா. எனக்குச் சமைச்சு மூடி வச்சிட்டுத்தான் போவா, அதுல குறை சொல்ல முடியாது. சண்டை போட்டேன். பேசாம இருந்து பாத்தேன். அக்காவை விட்டு போன்ல பேசச் சொன்னேன். “மூட்டு எப்படி இருக்கு?”ன்னு அக்கா கேட்டாளாம். “சரியாப் போச்சு மதினி”ன்னு சொல்லிட்டு வச்சிட்டாளாம். ஆறு மாசம் தங்கலாம்னு பாஸ்போர்ட்டுல முத்திரை குத்திருக்கான், இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்கப்புறம்னு கேட்டேன். “அப்புறம் பாத்துக்கிடலாம்”னா.

ஏர்போர்ட்டுக்கு வந்தா. பெட்டியை எடைபோடுற வரைக்கும் நின்னா. மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு சொன்னா, நெல்லிக்காய் ஊறுகாய் எதுலன்னு சொன்னா. கடைசி நிமிசத்துல மனசு மாறி வந்திருவான்னுதான் நான் நினைச்சேன். உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன வெக்கம், மெட்ராஸ் வந்து இறங்கி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நினைச்சேன். அதான் இந்தச் சீட்டைக் கேன்சல் பண்ணாம வச்சிருந்தேன். நீங்க வந்து உக்காந்துட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லல.

ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னான்? இத்தனை வருசம் வாயைத் திறக்காம வந்தவ, ஒரு கல்லைப் பாத்து வாயைத் திறந்துட்டா. ஒண்ணுக்கும் உதவாத கல்லு அண்ணாச்சி. மணல் கல்லு, கையால தேச்சாலே உதிருது. ஜல்லிக்குக் கூட ஆகாது.

கோயில்பட்டி தாண்டிட்டோம் போலிருக்கே. இன்னும் ஒரு மணி நேரம். என்ன சொல்லலாம்னு யோசிச்சீங்களா? மூட்டுக்கு அங்க வைத்தியம் நடக்குன்னு சொல்லிரவா? நல்லாத்தான் இருக்கும். அமெரிக்க வைத்தியம்னா வாயை மூடிருவான்.

இருங்க, போன் டிங்குனு அடிச்சுது. மங்கைதான். போட்டோ அனுப்பிருக்கா. இந்தாங்க, உங்க கண்ணாடி நல்ல கண்ணாடியா இருக்கு, நீங்க பாருங்க. நடுவுல நிக்கிறது அவதான். பின்னால கல்லு. எட்டாம் நம்பரா இருக்கும், எனக்கு இது தெரியாது, நான் வந்த பிறகு போயிருக்காங்க. ரெண்டு விரலை வச்சு இழுத்தா முகம் பெருசா வரும், இழுங்க. ஆங், அப்படித்தான்.

நெத்தி சுருங்கிருக்கு. கண்ணு ஒரு கோடா இருக்கு. வாயி ஒரு பக்கமா... ராத்திரியும் பகலும் கூட இருந்தவன், எனக்கே சட்டுனு பிடிபட மாட்டேங்கு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குதாளா, இல்ல சிரிக்காளா?

நல்லா பாருங்க அண்ணாச்சி. எனக்காகச் சொல்லாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க.

வெயில்தானே?